ஓவியரின் இடது காது

சலூன்காரருக்கு நாற்பது வருடமாக ஒரே வேலை, அடுத்தவர் தலை. நாலு மாதத்துக்கு முன் லேசான பக்கவாதம் வந்து அவருடைய இடது கை விழுந்தது. கை மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டது. கடைச் சாவிதான் வரவில்லை. அது மனைவியின் தையல் பெட்டியில், நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது. வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவள் அவள். பிடித்தால் பிடித்த பிடிதான்.

"பிசியோதெரபி பொண்ணு சரின்னு எழுதிக் குடுக்கட்டும், சாவி தரேன். யாரு கழுத்துலயாவது கத்தி இறங்கிடுச்சுன்னா எங்க போய் நிக்கறது?"

நியாயம்தான். நியாயம் பேசுகிறவளோடு மனுஷன் எப்படிச் சண்டை போடுவது?

அந்தப் பெண் ஒரு ஜிக்சா புதிர் கொண்டுவந்தாள். ஐந்நூறு துண்டுகள். ஒரு பெரிய ஓவியர் தன்னைத்தானே வரைந்த படம். உலகமே கொண்டாடும் ஆள் என்றாள். இடது கையால் மட்டும் சேர்க்க வேண்டுமாம்.

"தாடியை இவ்வளவு கேவலமா விட்டிருக்கான், இவனைக் கொண்டாடறாங்களாக்கும்!" என்றார் சலூன்காரர்.

மனைவியின் துணி வெட்டும் மேஜையில் ஒரு பலகை போட்டு, பதினோரு நாள் மல்லுக்கட்டினார். வானமும் சுவரும் படுத்தி எடுத்தன. தாடி மட்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பார்த்தே துண்டுகளைச் சேர்த்தார். முழுப் படம் அச்சிட்டிருந்த டப்பா மூடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்து பார்த்து, "பிரமாதம் ஐயா!" என்றாள். அப்புறம் பேனாவை எடுத்தாள். "இப்ப இவரோட இடது காதைத் தொட்டுக் காட்டுங்க."

படத்தில் இடப்பக்கம் இருந்த காதின்மேல் விரலை வைத்தார்.

"நல்லா பாருங்க ஐயா. அவர் நம்மைப் பார்த்து உக்காந்திருக்கார். அவரோட இடது."

மறுபடியும் அதே காது. வலது கன்னம் கேட்டாள். படத்தின் வலப்பக்கத்துக் கன்னத்தைத் தொட்டார். அவள் முகம் வாடிவிட்டது. இடது வலது குழம்புகிறது, இன்னும் இரண்டு மாதம் கத்தி கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

சலூன்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார். சரியாகத்தானே இருக்கிறது? கை போனபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. புத்தியே போய்விட்டதோ?

மேஜை வேண்டும் என்று பலகையைத் தூக்க வந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஆமா, இந்த ஆளு என்ன பொம்பளை கோட்டைப் போட்டிருக்காரு?"

"என்ன உளர்றே?"

"பொத்தானைப் பாருங்க. ஆம்பளை கோட்டுன்னா போடறவங்களுக்கு வலப்பக்கம் பொத்தான் வைப்போம். இவருக்கு இடப்பக்கம் இருக்கு. நான் இப்படித் தைச்சா மூஞ்சிலயே விட்டெறிவாங்க."

சலூன்காரர் விருட்டென்று எழுந்தார். பீரோக் கண்ணாடி முன் நின்று சட்டையைத் திறந்தார்.

"வா இங்க. கண்ணாடியில என் பொத்தான் எந்தப் பக்கம் தெரியுது?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "அதே பக்கம்."

"தன் மூஞ்சியை ஒருத்தன் எப்படிடி வரைவான்? கண்ணாடியைப் பார்த்துத்தானே! நாற்பது வருஷமா நானும் எல்லார் மூஞ்சியையும் கண்ணாடியிலதான் பார்க்கறேன். அதுல இடப்பக்கம் தெரியறதுதான் இடது காது. அந்தப் பொண்ணு கேட்டதும் கை தானா அங்க போச்சு. ஏன்னு அப்ப எனக்கே தெரியலையே!"

அவள் தையல் பெட்டியை அப்படியே மேஜைமேல் கவிழ்த்தாள். நூல்கண்டுகள் உருண்டன, சாவி விழுந்தது.

"அந்தப் பொண்ணு கையெழுத்து?" என்றார் அவரே.

"அடுத்த வாரம் வருவாள்ல, இதே கண்ணாடியைக் காட்டிச் சொல்லிக்கலாம். கிளம்புங்க."

கடையில் நாலு மாதத் தூசி. அவர் துணியைத் தேடுவதற்குள் அவள் நாற்காலியைத் துடைத்து, தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து தன் முடியில் அவரைக் கை வைக்கவிடாதவள். "கத்திரி வித்தையெல்லாம் கடையோட வச்சுக்கங்க" என்பாள்.

"என்ன இது?"

"முதல்ல என் தலை. என் இடது காது எது?"

அவர் சீப்பால் தொட்டார். கண்ணாடியிலும் இடப்பக்கம், நாற்காலியிலும் இடப்பக்கம்.

"சரி. ரெண்டு விரல் நீளம் வெட்டுங்க."

"கை நடுங்குச்சுன்னா?"

"முடி வளரும்."

"காது வளராதே."

"அதனாலதான் முதல்ல அதைக் கேட்டேன்."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இடது கையில் சீப்பு, வலது கையில் கத்திரி. சீப்பு லேசாக நடுங்கத்தான் செய்தது.

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ," என்றார்.

"மூடினா உங்களை எப்படிப் பார்க்கறது?" என்று கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் வெட்ட ஆரம்பித்தார்.