ஆதிவாசி வேஷம்

பள்ளிக்கூடத்தில் நல்லிணக்க தினமாம். சிங்களவர், தமிழர், முஸ்லிம், ஆதிவாசி என்று நான்கு வேஷம் போட்டுக் கைகோத்து நிற்க வேண்டுமாம். என் மகள் துஷாந்தினிக்குக் கிடைத்தது ஆதிவாசி வேஷம். முகத்தில் கரி, இடுப்பில் இலை, 'ஹூ ஹூ' என்று ஒரு குதியாட்டம்.

அவளுடைய அப்பா நிஜ ஆதிவாசி. மகியங்கனைப் பக்கத்துக் காட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ரப்பர் பால் வெட்ட வந்தவர். சுதுபண்டா என்ற பெயரைக் கேட்டு எல்லோரும் சிங்களவர் என்றே நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. வேடன் என்று தெரிந்தால் தோட்டத்து லய வீடுகளில் எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள் மட்டும்தான் அவர் அவராக இருப்பார். வேலை முடிந்து வந்ததும் மகள் இரண்டு கையையும் நீட்டுவாள். முழங்கைக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அவர்கள் சனத்தில் வணக்கம் அப்படித்தான்.

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். "அந்த வேசம் மட்டும் வேணாங்க டீச்சர்" என்று கெஞ்சினேன்.

"சும்மா நடிப்புதானேங்க. அந்தச் சனத்தையும் மதிக்கணும்னுதான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறோம்" என்றார் ஷாமிளா டீச்சர். நல்ல மனுஷிதான். அதுதான் வயிற்றெரிச்சல். காரணத்தைச் சொல்லாமலே திரும்பி வந்தேன்.

மகள் அழுது தீர்த்தாள். கடைசியில் அவளுடைய அப்பாதான் சொன்னார்: "நீ போ மகள். என் சனம் இப்பிடி இல்லன்னு நான் வந்து எல்லாருக்கும் முன்னால சொல்றேன்." அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் முகத்தில் கரி பூச விட்டாள்.

வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் குதித்தபோது மண்டபமே சிரித்தது. அப்பா இப்போது எழுந்திருப்பார், இப்போது எழுந்திருப்பார் என்று எங்களைப் பார்த்துக்கொண்டேதான் குதித்தாள். அவர் எழவில்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

அட பாவி மனுஷா என்று மனசுக்குள் திட்டினேன். நான் மட்டும் என்ன கிழித்தேன்? என் வாயும்தான் பூட்டிக் கிடந்தது.

பிள்ளை கரி முகத்தோடு மேடையை விட்டு இறங்கி நேரே அவரிடம் வந்தாள். அத்தனை பேரும் பார்க்க இரண்டு கையையும் நீட்டினாள். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நான் தாவி அவள் கைகளைப் பிடித்தேன். பிடிக்கும் விதம்கூட எனக்குச் சரியாக வரவில்லை. அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இனிமே வீட்டுலயும் வேணாம்ப்பா" என்றாள்.