அக்காவுக்குப் பிடித்துப்போன நாவல்

புது நாவல் எது வந்தாலும், தான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் நோயாளி வராத நேரத்தில் அக்கா படித்து முடித்துவிடுவாள். லேசில் எதுவும் பிடிக்காது அவளுக்கு. "இப்ப எழுதுறவங்க முதல் அத்தியாயத்துலயே ஒரு ஆளைக் கொன்னுடறாங்க. அது யாருன்னே தெரியாம நான் எப்படிடி அழறது?" என்பாள்.

பக்கவாதம் வந்து பிழைத்தபின் எழுத்துகள் அவளுக்குப் பிடிபடவில்லை. மாலையில் வேலை விட்டு வந்து நான்தான் வாசித்துக் காட்டுவேன். எதை வாசித்தாலும், "நல்லா இருக்கு" என்பாள்.

ஒருநாள், "இதை எழுதினவனை முட்டி போட வைக்கணும்" என்று முன்பு அவள் தூக்கி எறிந்த நாவலை வேண்டுமென்றே எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் மழை, கண்ணீர், மறுபடி மழை. சண்டைக்கு வருவாள் என்று இழுத்து இழுத்து வாசித்தேன்.

"நல்லா இருக்கு" என்று சிரித்தாள்.

"இது குப்பைன்னு நீதானேக்கா சொன்னே! திட்டுக்கா. ஒரே ஒரு தடவை திட்டு."

அவள் மிரண்டுபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதே. இனிமே ஒழுங்காக் கேக்கறேன்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.