ஆறாவது மீன்

கண்ணாடித் தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிஷோர் மூன்றாவது தடவையாக எண்ணினான். ஐந்துதான் வந்தது.

“எத்தினிடா?” கட்டிலிலிருந்து அப்பா கேட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என்று ரேஷனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆறுப்பா.”

“நல்லாப் பாத்தியா? ஷிப்ட்டுக்காரன்?”

“அவன்தான் மொதல்ல வந்து நின்னான்.”

பொய்க்குக் கைகால் முளைத்துவிட்டது.

அப்பா, ஜெயவேலு, கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். மேலே வந்தவர்களை எண்ணி முடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். சுரங்கம் மூடியபின் நெஞ்சில் கல்தூசியோடு ஹெப்பகோடிக்கு, மகன் வீட்டுக்கு வந்தார். இங்கே எண்ணுவதற்கு மீன்கள்தான் இருந்தன. தொட்டி கிஷோர் வாங்கியது. கடலே இல்லாத ஊரில் பாக்கெட் உப்பைக் கரைத்துக் கடல் செய்துவிடலாம் என்று மூன்று மாதம் நம்பினான். நான்காவது மாதத்திலிருந்து எல்லாம் அப்பாதான். மணலுக்குள் வளை தோண்டி இறங்கி ஏறும் விரல்நீள மீனுக்கு ஷிப்ட்டுக்காரன் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அவருக்கு ஒரே சட்டம். நாலு விரல்கடை மணலில் மேலே ஒரு விரல்கடை மட்டும் கிளறலாம். “கீழ கருப்பா கீதே, அது கெட்ட காத்து. அடைஞ்சி கெடக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. தோண்டினா மேல கீறத எல்லாம் தின்னுடும்.”

நேற்று அவர் தூங்கும்போது கிஷோர் தோண்டினான். கண்ணாடியோரம் தெரிந்த கருப்பு அவன் கண்ணை உறுத்தியது. அப்பா விழிக்கும்போது மணல் வெள்ளைவெளேர் என்று இருக்கட்டுமே என்று ஆசை. ஆறு வருஷமாகத் தொட்டிப் பக்கமே போகாத மகனுக்குத் திடீரென்று பாசம் வந்த நேரம், கையில் ஒரு நீளக் கரண்டியும் கிடைத்துவிட்டது. மணலுக்குள்ளிருந்து கருப்பு, புகை மாதிரி எழுந்தது. ஹால் முழுக்க அழுகின முட்டை வாடை.

அப்பா கண்ணைத் திறக்காமலே, “இன்னாடா நாத்தம்?” என்றார்.

“அம்மா முட்டை வேக வெச்சாங்க.”

அன்று வெள்ளிக்கிழமை. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை வேகாது.

இப்போது, “அப்ப சரி” என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா காபியோடு வந்தபோது ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும்தான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கிஷோர் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கும்போது அப்பாவின் தங்கை ஸ்வர்ணா வாளியோடு வந்தாள்.

“அண்ணன் வாசல் தாண்டினதும் வீட்ல கீற தண்ணி எல்லாத்தையும் கொட்டிக் கழுவணும். கொடம், டிரம்மு, ஒண்ணு விடக்கூடாது. அந்தக் கண்ணாடித் தொட்டியும்தான்.”

“அத்தை, அது முந்நூறு லிட்டர்.” கையில் கொள்ளிச்சட்டியோடு நின்று லிட்டர் சொன்ன மகன் ஹெப்பகோடியிலேயே அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

“இருந்தா இன்னா? தண்ணி தண்ணிதானே. சாவு வுழுந்த வீட்டுத் தண்ணி ஆவாதுடா.”

தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். கொட்டட்டுமே என்று கிஷோருக்கு ஒரு கணம் தோன்றியது. கொட்டிவிட்டால் அப்புறம் யாரும் எண்ணமாட்டார்கள்.

“ஸ்வர்ணா, அத்தத் தொடாத.” காலையில் காபி போட்டபடி அப்பாவும் மகனும் பேசினதைக் கேட்டிருந்த அம்மா சொன்னாள். “அதுல ஆறு உசுரு கீது. அவரு கடைசியா காதுல வாங்கினு போனது அதத்தான்.”

சட்டியின் புகை கிஷோரின் கண்ணில் பட்டது. நல்லவேளை, புகை இருந்தது.

அவன் திரும்பி வந்தபோது வீடு கழுவியிருந்தது. குடங்களெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. வீட்டில் தண்ணீர் மிச்சமிருந்த ஒரே இடம் தொட்டி. ஆக்சிஜன் மிஷினை நிறுத்திவிட்டதால் தொட்டி பம்ப்பின் சத்தம் புதிதாகக் கேட்டது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இரண்டு மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. ஷிப்ட்டுக்காரனுடைய வளையின் வாயை மணல் மூடியிருந்தது.

அம்மா வெறும் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“எத்தினிடா?”

வளை இருந்த இடத்திலிருந்து ஒரே ஒரு குமிழ் கிளம்பி நிதானமாக மேலே போயிற்று.

“இரும்மா” என்று கண்ணாடியில் விரலை வைத்து, கிஷோர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.