அயோடின் குளியலும் மூன்று துப்பலும்

காலையிலிருந்து புருல்சாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தட்டுகளில் கிடந்த டிரவுட் மீன் முட்டைகளில் குட்டிக் குட்டிக் கறுப்புக் கண்கள் உருண்டுகொண்டிருந்தன. இன்றோ நாளையோ பொரித்துவிடும்.

போன வருடம் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்து அத்தனை முட்டையும் பாழாகிவிட்டது. முட்டைத் தட்டுகள் இருந்த கொட்டகை கணவனின் அண்ணன் டோக்டோசுனுக்குச் சொந்தம். "இந்தத் தடவையும் பொரிக்கலைன்னா, இதுல என் ஆடுங்க படுக்கும்" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால் இந்த முறை புருல்சா முட்டைகளை அயோடின் தண்ணீரில் குளிப்பாட்டித்தான் தட்டில் பரப்பினாள். வாசலிலும் ஒரு தொட்டி அயோடின் வைத்தாள். கால் நனைக்காமல், கை கழுவாமல் யாருக்கும் அனுமதி கிடையாது. "முத்தம் கேட்டாலும் கை கழுவிட்டு வாங்கங்கறாப்பா!" என்று கணவன் எமில் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

மதியத்துக்கு முன்பு டோக்டோசுன் வந்தார். முனகிக்கொண்டே பூட்ஸை நனைத்தார், கையைக் கழுவினார், தட்டை எட்டிப் பார்த்தார். மனுஷன் அப்படியே உருகிப்போனார்.

"அடி ஆத்தீ, எத்தனை கண்ணு! ஊர்க் கண்ணு பட்டுடப் போகுது!" என்றவர், குனிந்து மனதார, "தூ! தூ! தூ!"

புருல்சா போட்ட கூச்சலில் வெளியே நின்ற குதிரை மிரண்டது.

"மாமா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"திருஷ்டி கழிச்சேன்மா. பச்சைப் புள்ளையப் பார்த்தா துப்ப வேணாமா?"

"நாக்கடியில புகையிலைய அதக்கி வச்சுக்கிட்டா?"

"காலைக் கழுவச் சொன்னே, கழுவினேன். கையக் கழுவச் சொன்னே, கழுவினேன். வாயைப் பத்தி நீ மூச்சே விடலையே!"

எமில் தலையை நீட்டினான். "இன்னொரு முக்கு முக்கிடேன்."

"பொரிக்கிற நேரத்துல அயோடின் பட்டா குறைமாசமா வந்து விழும். சும்மா இருங்க!"

அவள் ஊற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தத் தட்டை அலசோ அலசென்று அலசினாள். அழுகை வந்தது, மாமாவின் முழியைப் பார்த்ததும் சிரிப்பு அதை முந்திக்கொண்டது. தலைத்துணியை அவிழ்த்து அவர் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி, தட்டுக்கு எதிரே உட்கார வைத்தாள்.

"நீங்க துப்பினதுக்கு நீங்களே காவல். அவுத்தீங்க, பார்த்துக்குங்க!"

அவர் தேநீருக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும்போது கொட்டகையிலிருந்து "ம்ம்! ம்ம்ம்!" என்று சத்தம் கேட்டது. பூட்ஸோடு தொட்டிக்குள் குதித்து, அயோடினை வாரியிறைத்து, முற்றத்துக்கு ஓடிவந்த பிறகுதான் டோக்டோசுன் துணியைப் பிடுங்கினார்.

"சுயுஞ்சு! சுயுஞ்சு! வால் முளைச்சு துள்ளுதும்மா! தட்டு பூரா துள்ளுது!"

புருல்சா உள்ளே பாய்ந்தாள். துப்பல் பட்ட தட்டில்தான் முதல் கும்மாளம். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஆனால் சுயுஞ்சு என்று கத்தி நல்ல சேதி சொன்னவர் கேட்பதைக் கொடுத்தாக வேண்டுமே! கொட்டகையைக் கேட்டுத் தொலைத்தால்? எமிலின் முகம் வெளுத்தது.

"கேளுங்க மாமா."

டோக்டோசுன் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க மீன் இருக்கும். என் ஆட்டுக்கு வேற கொட்டகை கட்டணும். உன் புருஷனைக் குடு."

"தாராளமா ஓட்டிக்கிட்டுப் போங்க!" என்றாள் புருல்சா, எமிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.