மீதிச் சம்பளம்

"பால்காரன்கிட்ட என்ன பல்லை இளிச்சுக்கிட்டு நின்னே?" என்று அடுப்படிக்குள் தலையை நீட்டிக் கேட்டாள் மாமியார்.

"சில்லறை கேட்டேன் அத்தே."

"சில்லறை கேக்கப் பல்லு எதுக்கு?"

புருஷன்காரன் எப்போதும் அம்மா பக்கம். குடும்பப் பெண் அடக்கமாக இருக்க வேண்டும், வாசலில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவனும் ஒரு பாட்டம் ஓதி முடித்தான். அவள் தலைவாரி வேலைக்குக் கிளம்பியதும் அதே வாய் வேறு மாதிரி பேசியது.

"ஓட்டல்ல உம்முன்னு நிக்காதே. டிப்ஸ் குறைஞ்சுக்கிட்டே வருது. கொஞ்சம் சிரிச்சா முத்தா உதிர்ந்துடும்?"

தூ, இதுவும் ஒரு பிழைப்பு.

இந்த விஷயத்தில் ஓட்டல் முதலாளி இவனையும் மிஞ்சியவர். அரைச் சம்பளம்தான் தருவார். "மீதி மேஜையில இருக்கும்மா, நீதான் எடுத்துக்கணும்" என்பார். அதை எடுக்க எதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். சாப்பாடு சூடாக வந்ததா, மேஜை துடைத்திருந்ததா, யார் பார்க்கிறார்கள்? அவள் முகத்தைப் பார்த்துத்தான் பைக்குள் கை போகிறது.

அன்று மதியம் ஜவுளிக்கடைக்காரர் வந்திருந்தார். நோட்டைத் தட்டில் வைக்கும் வழக்கமே அந்த மனுஷனுக்குக் கிடையாது. தின்ற கையைத் துடைக்காமல் அவள் உள்ளங்கையில் நோட்டைத் திணித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிடுவார். அந்த எண்ணெய்ப் பிசுக்கை அவள் ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

பக்கத்து மேஜையில் அவள் புருஷன். பதவி உயர்வு கிடைத்த கூட்டாளி, அவளை இதுவரை பார்த்தே இராதவன், விருந்து வைக்கிறேன் என்று இங்கேயே இழுத்து வந்துவிட்டான். 'என் பொண்டாட்டியை வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்' என்று அவனிடம் வருஷக்கணக்காக அளந்தவன், இப்போது தலை நிமிராமல் சாப்பிட்டான்.

ஜவுளிக்கடைக்காரர் கையை விடவில்லை. "சிரி. அப்பத்தான் விடுவேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஒரு அதட்டல் போட்டால் போதும். அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு, "சூப் நல்லாருக்குல்ல?" என்றான் கூட்டாளியிடம்.

அவள் கையை உதறி இழுத்துக்கொண்டாள். நேராக வந்து, அந்த நோட்டைப் புருஷன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பிடிச்சது அவரு. பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தது நீங்க. இது உங்களுக்குச் சேர வேண்டியது. இனிமே வீட்டுல என்கிட்ட கேக்க வேண்டாம், இங்கேயே வந்து வாங்கிக்கங்க."

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

"யாருடா அது?" என்றான் கூட்டாளி.

"தெரியலையே" என்றான் அவன், நோட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே.