முபாரக்கின் கையெழுத்து

பஞ்சநதம் வாய்க்காலில் கைச்சேற்றைக் கழுவிக்கொண்டு வரப்பேறியபோது, குத்தாலம் ரோட்டோரப் புளியமரத்தடியில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி ஷிஃபா. சிறைக்குள் நடக்கும் படிப்பைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். போன வாரமே போனில் பேசியிருந்தாள். மற்றவர் யாரென்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. கமருன்னிஸா, முபாரக்கின் தாயார்.

அந்தப் பேரைக் கேட்டதும் உச்சி வெயிலிலும் அவனுக்கு முதுகு சில்லிட்டது. நாற்பத்தாறு வயதில், ஜெயிலுக்குள், அவனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவன் முபாரக். எழுதிக் கொடுத்த வரியின் மேலேயே பஞ்சநதம் பென்சிலை ஓட்டுவான். வழுக்கினால் முபாரக் விரல்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். "நாத்து நடுற கையாண்ணே இது? உலக்கையாட்டம் வெறைக்குது!"

முபாரக் செத்து ஆறு வருஷம். இன்னமும் பேனாவைத் தொட்டால் அந்த விரல்கள் புறங்கையில் வந்து உட்காரும், ஜில்லென்று. விடுதலையான பிறகு பஞ்சநதம் ஒரு வரி எழுதியதில்லை.

ஷிஃபா ஒரு ஜெராக்ஸை எடுத்துப் படித்தாள். "உம்மா, நான் நல்லா இருக்கேன். யாரும் பாக்க வர வேணாம்."

"கடைசியா போட்ட லெட்டர் தம்பி," என்றார் கமருன்னிஸா. "வர வேணாம்னுட்டான். எட்டாம் நாள் ஆம்புலன்ஸ்ல மையித்துதான் வந்துச்சு. எம்மேல என்ன கோவமோ."

அன்று ஜெயிலில், முபாரக்கை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன மறுநாள் ஒரு வார்டர் வந்தார். "டிக்டேஷன் போடுறேன், எழுதுய்யா." முபாரக் நடத்தும் பாடத்திலும் உம்மாதான் முதலில் வரும். அதனால் பாடமென்று நினைத்தே பஞ்சநதம் இதே வரிகளை எழுதினான். "அடேயப்பா, ஒரு தப்பில்ல!" என்று அவர் தாளை வாங்கிக்கொண்டபோது பூரித்தும் போனான்.

"பேசச் சம்மதம்னு இதுல ஒரு வரி எழுதுங்கண்ணே," என்று ஷிஃபா படிவத்தையும் மைப்பெட்டியையும் நீட்டினாள். "எழுத வராதுன்னா கைநாட்டு போதும்."

கைநாட்டு வைத்தால் தீர்ந்தது. எழுதினால் முபாரக்கின் எழுத்தைப் போலவே வந்து கையே காட்டிக் கொடுக்கும். மறுபடி கோர்ட்டு, மறுபடி கம்பி. கட்டைவிரலை மைப்பெட்டிக்குக் கொண்டுபோனான். விரல் இறங்கவில்லை. மேலே குளிர்ந்த பிடி.

பேனாவை வாங்கி எழுதினான். "அந்த லெட்டரு முபாரக் எழுதல. வார்டர் சொல்ல நான் எழுதினது."

அவன் நிறுத்தினான். கை நிற்கவில்லை. கீழே இன்னொரு வரி ஓடியது: "உம்மா, வாசலையே பாத்துக்கிட்டு கிடந்தேன்."

கமருன்னிஸா படிவத்தைப் பிடுங்கிப் படித்தார். கடைசி வரியைத் தடவினார். மை விரலில் ஒட்டியது.

"இதுவும் நீங்க எழுதினதா தம்பி?"

"இல்லம்மா."

அப்போதுதான் வெயில் அவன் புறங்கையில் சுட்டது.