ஓடிபி கேட்டுப் போன ரசிகர்கள்

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை வைத்திருக்கும் நாகஜோதி, ஒரு நாள் காலை கடையைத் திறந்ததும் மெயிலைப் பார்த்தாள். ‘சின்னமனூர் வசந்தமாலா – யாரும் கேட்டிராத கச்சேரி’ என்று தலைப்பு. பொட்டாஷ் கேட்டு நின்றவரைக் காக்க வைத்துவிட்டு அதைத் திறந்தாள். உள்ளே கச்சேரி இல்லை. செப்டிக் டேங்க் சுத்தம் செய்து தரப்படும் என்று லாரி படத்தோடு ஒரு விளம்பரம் இருந்தது.

வசந்தமாலா சினிமாவில் பாடியவர் அல்ல. ஒரு காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர்த் திருவிழா என்றாலும் அவருடைய இன்னிசைக் குழுதான் மேடையேறும். அவர் பாடுவதை நிறுத்திய பிறகும் ரசிகர்கள் விடவில்லை. பிரவுசிங் சென்டர் காலத்தில் அல்லிநகரம் ஈஸ்வரபாண்டி அவருக்காக ஒரு மெயில் குழு தொடங்கினார். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். கூடலூர் கச்சேரியில் மழை வந்தது எந்தப் பாட்டின்போது என்று துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சண்டை நடக்கும். ஆளாளுக்கு வைத்திருந்த கேசட்டுகளை எல்லாம் அந்தக் குழுவில்தான் ஏற்றி வைத்திருந்தார்கள்.

வாட்ஸ்அப் வந்ததும் குழுவில் பேச்சு குறைந்தது. விளம்பரங்கள் புகுந்தன. முடி வளர எண்ணெய், மூட்டுவலித் தைலம், ரம்மி, வாஸ்து கண்ணாடி. ரஷ்ய எழுத்தில் என்னவோ. பாட்டைத் தேடினால் தைலம்தான் வந்தது. இப்போது வசந்தமாலாவின் பெயரையே தலைப்பில் போட்டு ஏமாற்றத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் நாகஜோதிக்குப் பொறுக்கவில்லை.

அன்று மத்தியானம் கடமலைக்குண்டு நல்லகண்ணு அந்த செப்டிக் டேங்க் காரனுக்கு மரியாதையாகப் பதில் எழுதினார்: ‘எங்கள் வீட்டில் போன மாசம்தான் சுத்தம் செய்தோம். தற்சமயம் தேவைப்படவில்லை.’ அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. வருஷக் கணக்கில் வாய் திறக்காதவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். ‘யாரு, கச்சேரியில் டியூப்லைட் உடைத்த நல்லகண்ணுவா?’ என்று ஒருவர் கேட்டார். ‘உடைத்தது நான் இல்லை, என் மச்சான்’ என்று நல்லகண்ணு எழுதினார். சாயங்காலத்துக்குள் மழை எந்தப் பாட்டின்போது வந்தது என்ற சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. நடுநடுவே முடி எண்ணெயும் வந்துகொண்டிருந்தது.

நாகஜோதி ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, குழுவ ஆரம்பிச்சது நீங்க. இந்தக் கழுதைகளத் தூக்கி வெளிய போடுங்கண்ணே.”

“பாஸ்வேர்டு மறந்து போச்சுத்தா. புதுசு போடணும்னா என் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகுதாம். அந்த நம்பர விட்டே ரொம்ப வருசமாச்சு. இப்ப யாருட்ட இருக்கோ?”

“கூப்பிட்டுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது.”

அவர் கூப்பிட்டார். ராயப்பன்பட்டியில் சந்தனம்மாள் என்ற ஒரு அம்மாள் எடுத்தார்.

“அம்மா, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அது ஓடிபி. அதக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீகளா?”

“ஓடிபியா? ஓடிப் போயிரு! இதத்தான் டிவில தெனமும் சொல்றாக. எவன்டா நீ, ராயப்பன்பட்டி சந்தனம்மாட்டயே ஒன் வேலையக் காட்டுற?”

போன் பட்டென்று வைக்கப்பட்டது. பெண் குரல் என்றால் நம்புவார் என்று நாகஜோதி பேசிப் பார்த்தாள்.

“ஓகோ, இப்ப பொம்பளைய விட்டுப் பேசச் சொல்றானா? ஏத்தா, ஒனக்கு எதுக்கு இந்தப் பொழப்பு? நல்ல வேலையாப் பாத்துக்க” என்று புத்தி சொல்லிவிட்டு அந்த அம்மாள் மறுபடி வைத்துவிட்டார்.

மறுநாள் இருவரும் ராயப்பன்பட்டிக்கு பஸ் ஏறினார்கள். சர்ச்சுக்குப் பின்தெருவில் விசாரித்ததும் வீடு தெரிந்துவிட்டது. சந்தனம்மாள் வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு பட்டன் போன்.

ஈஸ்வரபாண்டி கும்பிட்டார். “நேத்து போன்ல பேசுனது நாங்கதாம்மா.”

“நேர்லயே வந்துட்டீகளா!” சந்தனம்மாள் போனைப் பிடித்துக்கொண்டார். “அங்கனயே நில்லுங்க. கிட்ட வராதீக.”

நாகஜோதி வசந்தமாலா கதையை முழுக்கச் சொன்னாள். செப்டிக் டேங்க் லாரியைப் போனில் காட்டினாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். “பாட்டு கேக்க ஓடிபி எதுக்குடி?” என்று ஒரு கிழவி கேட்டாள்.

“சரி, பாட்டுக் கோஷ்டிதானே? ஒரு பாட்டு பாடு, பாப்பம்” என்றார் சந்தனம்மாள்.

நாகஜோதி தெருவில் நின்று பாடியதே இல்லை. பாத்ரூமில் பாடினாலே அவள் புருஷன் குழாயைத் திறந்துவிடுவார். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வசந்தமாலா கச்சேரியில் கடைசியாகப் பாடும் ஊஞ்சல் பாட்டை எடுத்தாள். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் பிளந்தது. உதவி செய்வதாக நினைத்து ஈஸ்வரபாண்டி சேர்ந்துகொண்டார். அவர் வேறொரு சுருதியில் இருந்தார். ஆட்டுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடியது. நாகஜோதிக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் நிறுத்தவில்லை. சரணம் முடிகிறவரை பாடினாள்.

சந்தனம்மாள் சிரித்துச் சிரித்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“திருட வந்தவ இம்புட்டு மோசமாப் பாடமாட்டா. உள்ள வாங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓடிபியை அவரே ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். குழு திறந்தது. ஈஸ்வரபாண்டி விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி நீக்கினார். “அந்த மூட்டுவலித் தைலம் மட்டும் இருக்கட்டுமேப்பா” என்று சந்தனம்மாள் கேட்டுப் பார்த்தார். அதுவும் போனது. இனி ஈஸ்வரபாண்டியைக் கேட்காமல் ஒரு மெயிலும் உள்ளே வராதபடி மாற்றினார்கள்.

“அந்தப் பொண்ணு பாட்ட எனக்கும் கொஞ்சம் போடு. நீ பாடுனது வேணாம்” என்றார் சந்தனம்மாள்.

நாகஜோதி தன் போனில் கம்பத்துக் கச்சேரியைப் போட்டாள். சந்தனம்மாள் கடைசிவரை கேட்டார். அடுத்ததையும் போடச் சொன்னார். உலையில் அரிசி கூடுதலாக விழுந்தது. இருவரும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

“குழுவுல சேத்துக்கலாம்னா ஒங்களுக்கு மெயில் கெடையாதேம்மா” என்று ஈஸ்வரபாண்டி வருத்தப்பட்டார்.

“மெயிலு எதுக்கு? நம்பர்தான் தெரியுமே. புதுப் பாட்டு கெடச்சா போனப் போட்டு வையி, கேட்டுக்கிறேன்.”

நாகஜோதி அதைக் குழுவில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக நல்லகண்ணு கூப்பிட்டு, தன் கேசட் ரெக்கார்டர் பக்கத்தில் போனை வைத்தார். மறுநாள் திருப்பூரிலிருந்து ஒருவர். அப்புறம் துபாய். ஆட்டுக்குக் குழை போட விடமாட்டேன் என்கிறார்களே என்று சந்தனம்மாள் நாகஜோதியிடம் புகார் சொன்னார்.

“வேணாம்னு சொல்லிரவாம்மா?”

“அதெல்லாம் சொல்லாத. சாயங்காலமாப் போடச் சொல்லு. அந்த துபாய்க்காரருட்ட சத்தம் பத்தலன்னும் சொல்லிரு.”